ஏழாவது கட்டம்

"கோபோல்தான். இதுல பேச்சே கிடையாது" என்றார் ஜானகிராமன்.

லோகநாயகிக்கு எரிச்சலாக வந்தது. எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஆபீசை ஒட்டிய மீனவர் குப்பமான புதுப்பட்டினத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், எல்லாரும் வெறும் எஸ்.எஸ்.எல்.சி. ஆபீஸ் முடிந்ததும் அவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தலாம் என்று ஆரம்பித்ததே அவள்தான். எந்தக் கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தருவது என்பதில்தான் இப்போது தகராறு.

"நம்ம ஆபீஸ்ல எல்லாரும் எழுதறது ஃபோர்ட்ரான்தானே சார்? நாலு வரியில கணக்கு முடிஞ்சிடும். கோபோல்ல பக்கம் பக்கமா எழுதணும். பிள்ளைங்க மிரண்டு ஓடிடும்."

"ஓடினா ஓடட்டும்."

செக்‌ஷன் தலைவர் சொன்னால் அப்பீல் ஏது? வகுப்பையும் அவரே எடுத்தார்; அவள் கூடமாட உதவினாள்.

முதல் வாரம் பிள்ளைகள் எழுதியதைக் கார்டுகளில் துளையிட்டு மிஷினுக்கு அனுப்பினார்கள். மறுநாளே பன்னிரண்டு கார்டுக் கட்டும் தப்பு என்று திரும்பி வந்தன.

லோகநாயகி மேனுவலைத் தேடியெடுத்து ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் கார்டின் ஏழாவது கட்டத்தில் தொடங்கியிருந்தது. அது ஃபோர்ட்ரான் வழக்கம். கோபோலில் எட்டிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். பன்னிரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் தப்பு யாருடையது?

மனுஷருக்குக் கோபோலே தெரியவில்லை! அதற்கா இத்தனை ஜம்பம்? பிள்ளைகளின் பிழைப்போடு விளையாடுகிறாரே!

மேனுவலும் கையுமாகப் பெரிய ஆபீசரிடம் சொல்லப் புறப்பட்டவளை வாசலில் மறித்தாள் வச்சலா. மீன் ஏலம் போடும் தேசப்பனின் மகள். வகுப்பிலேயே சூட்டிகை.

"சாரைப் போட்டுக் குடுக்காதீங்க டீச்சர். அவருக்கு இது புச்சுன்னு எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்கீங்க?"

"ஃபோர்ட்ரான் வேலைக்கு டிகிரி கேக்கறாங்களாம். நாங்க எங்க போவோம்? மெட்ராஸ்ல சம்பளப் பட்டியல் போடற கம்பெனிங்க கீதாம். கோபோல் தெரிஞ்சா போதுமாம், எஸ்.எஸ்.எல்.சி.யே எடுத்துக்குவாங்களாம். சாருதான் கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கி விசாரிச்சுகினு வந்தாரு."

"அதுக்காக, தெரியாத பாடத்தையா நடத்தறது?"

"கத்துகினுதான் கீறாரு டீச்சர். சனிக்கிழமையானா பஸ் புடிச்சு மெட்ராஸ் போய், கோபோல் கிளாஸ்ல எங்க வயசுப் பசங்களோட கடைசி பெஞ்சில குந்திகினு கீறாரு. எங்க மாமா பையன் சீனுவும் அங்கதான் படிக்குது, அது பார்த்துட்டு வந்து சொல்லிச்சு."

லோகநாயகிக்குச் சுருக்கென்றது. தான் ஃபோர்ட்ரானுக்காக அத்தனை வாதாடியது, அதைத் தவிர வேறொன்றும் தனக்குத் தெரியாது என்பதால்தானே?

"சனிக்கிழமை அந்த பஸ் எத்தனை மணிக்கு வச்சலா?" என்று கேட்டாள்.