வயர்லெஸ் ஒழுக்கம்

உப்புவெளியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இராகுலன் இணைய விளையாட்டில் பொலிஸ்காரனாகக் கடமையில் இருந்தான். அவனுக்கு ஒரே பயம்தான். வயர்லெஸ்ஸில் தேவையில்லாமல் கதைப்பவர்களைப் பொறுப்பதிகாரி விளையாட்டிலிருந்தே நீக்கிக்கொண்டிருந்தார். இராகுலனோ வாயை மூடத் தெரியாதவன்.

"கள்ளன் துறைமுகப் பக்கம் போறான், சேர்! ஆக்களை அனுப்புங்கோ! இந்தச் சனியன் பிடிச்ச ஜீப் ஓடுதில்லை!" என்று அன்றும் கத்தித் தீர்த்தான். ஒருவரும் வரவில்லை. கள்ளன் தப்பிவிட்டான்.

கிண்ணியாவிலிருந்து விளையாடும் பொறுப்பதிகாரி ஜவ்பர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கொத்து ரொட்டிக் கதையை வயர்லெஸ்ஸில கதைச்ச பிரகலாதன் வீட்ட போகலாம்."

அடுத்தது தான்தான் என்று இராகுலன் கண்ணை மூடினான்.

"இராகுலன் இண்டையிலிருந்து சார்ஜன்ட். ஒழுக்கத்தை அவர்ட்டப் படிங்க."

அவனுக்கு நெஞ்சு விம்மியது. "சேர், என்ர வாய் கூடினதெண்டு எனக்கே தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டு..." என்று தொடங்கி, மனைவி சிவாஜினி வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லி முடித்தான்.

"பாத்தீங்களா?" என்றார் ஜவ்பர் பெருமையாக. "சார்ஜன்ட் ஆக்கியும் மனுசன் ஒரு சொல்லுக் கதைக்கல்ல!"

இராகுலன் குனிந்து பார்த்தான். இந்த விளையாட்டுக்கென்றே புதிதாக வாங்கிய மைக்கின் சுவிட்ச் போடப்படாமலே இருந்தது.

போடப் போன விரலை மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.