கேட்டைப் பூட்டியவள்

மகளின் நாத்தனார் மஞ்சுளா ஹாலுக்குள் நுழைவதைப் பார்த்ததும், முத்தாயம்மாள் பக்கத்து நாற்காலியில் தன் பையைத் தூக்கி வைத்தாள். தன் மகளைப் பூட்டி வைத்தவள் தன் அருகில் உட்காரக் கூடாது.

மேடையில் மைக் முன்னால் மகள் தனப்பிரியா. விவாகரத்து வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பட்ட பாட்டையெல்லாம் முதல் நாவலாக எழுதி, போன மாதம்தான் புத்தகமாக வந்தது. இன்று அதற்கு அறிமுகக் கூட்டம். அதுவும் புருஷன் வீட்டு ஊரான சங்ககிரியில்.

“நம்ம மோகனூர்லயே வெச்சுக்க சாமி. அவனுங்க ஊர்ல எதுக்கு?” என்று முத்தாயம்மாள் கெஞ்சிப் பார்த்தாள்.

“அழுதது அந்த ஊர்லதானேம்மா? பேசறதும் அங்கதான் பேசுவேன்.”

அட்டையில் நாவல் என்றுதான் போட்டிருந்தது. சங்ககிரியில் ஒருத்தரும் அதை நாவலாகப் படிக்கவில்லை. எந்தப் பாத்திரம் எந்த வீட்டு ஆள் என்று டீக்கடையிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார்கள். வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அடித்த புருஷனை யாரும் அவ்வளவாகத் திட்டவில்லை. ‘ஆம்பளை, கோவக்காரன்’ என்று பரிந்து பேச ஆள் இருந்தது. காறித் துப்பியதெல்லாம் நாத்தனாரைத்தான். விடிகாலையில் தப்பித்து ஓடப் பார்க்கிற தம்பி மனைவியைத் தடுத்து, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள் அவள். கதாநாயகி சுவரேறிக் குதித்துப் போகிறாள்.

நிஜத்திலும் சுவரேறிக் குதித்துத்தான் வந்ததாக மகள் சொல்லியிருந்தாள். மஞ்சுளாவைச் சபிக்காமல் முத்தாயம்மாள் ஒரு நாளும் விளக்கேற்றியதில்லை.

தனப்பிரியா பேசி முடித்தாள். “கேள்வி இருந்தாக் கேக்கலாங்க.”

மஞ்சுளா எழுந்தாள்.

“கேள்வி இல்லீங்க. புத்தகத்துல ஒண்ணு பொய்யி.”

ஹாலே திரும்பிப் பார்த்தது. தனப்பிரியாவின் முகம் வெளுத்தது.

“அண்ணி, வேண்டாங்க. உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். நாத்தனாரு கேட்டைப் பூட்டினான்னு எழுதியிருக்கறயே, அதை மாத்தோணும்.”

“ஒரு எழுத்தும் மாத்த மாட்டேனுங்க அண்ணி.”

முத்தாயம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படிச் சொல்லு, என் வயிற்றில் பிறந்தவளே. அதற்கு மேல் அவளாலும் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து திரும்பினாள்.

“என்னத்த மாத்தோணும்? கல்யாணத்துல தம்பி பக்கத்துல நின்னு இணைச்சீர் செஞ்சவ நீதானே? அந்தக் கல்யாணத்துக்குக் கூடப் பொறந்தவ பொறுப்புன்னுதானே அந்தச் சீரு? எம்புள்ள அடிபட்டப்ப எங்க போச்சு உம்பட பொறுப்பு? நீ பூட்டினே. எம் மவ பத்தடிச் சுவத்தை ஏறிக் குதிச்சு வந்தா.”

யாரோ கைதட்டினார்கள். மஞ்சுளா அசையவில்லை.

“ஏனுங்கம்மா, அந்தச் சுவத்தை நீங்க பாத்திருக்கறீங்கல்ல?”

“பாக்காம என்ன? லாரி நிறுத்தற எடம்னு மேல பூராக் கண்ணாடிச் சில்லு பதிச்சு வெச்சிருக்கறீங்களே.”

“உங்க மக கையில ஒரு கீறலு இருந்துச்சுங்களா?”

முத்தாயம்மாள் மேடையில் நின்ற மகளின் கையைப் பார்த்தாள்.

அன்றைக்கு மகளுக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். முகம் வீங்கியிருந்தது, முதுகு கன்றியிருந்தது. உள்ளங்கை இரண்டும் சுத்தமாக இருந்தன. அது எப்படி என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“கேட்டைத் தொறந்து, பஸ்ஸுக்குக் காசும் குடுத்து அனுப்புனவ நானுங்க” என்றாள் மஞ்சுளா. “யாருகிட்டயும் சொல்லப் படாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரரு லாரிக்குத் தம்பியோட புக்கிங் ஆபீசுலதான் லோடு புடிச்சுக் குடுக்கறாங்க. நாத்தனாரை நல்லவளா எழுதினா அவன் கண்டுபுடிச்சிருவான்னுதான் இந்தப் புள்ள என்னையக் கெட்டவளா எழுதி வெச்சிருக்குது.”

தனப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. “இப்ப எதுக்குங்க அண்ணி சொன்னீங்க? நாளைக்கே உங்க ஊட்டு அண்ணன் லாரிக்கு லோடு நிறுத்திருவாங்களே.”

“நிறுத்தட்டும். ஈரோட்டுல லோடே இல்லாமப் போச்சா? எம்பட மக சௌமியா உம்பட புத்தகத்தைப் படிச்சுட்டு எங்கிட்டப் பேசறதையே உட்டுட்டா. வர்ற தையில அவளுக்குக் கல்யாணம். நாளைக்கு அவளை ஒருத்தன் அடிச்சா, தொறந்து உட ஒருத்தியும் இருக்க மாட்டான்னு அவ நெனைக்கப் படாது.”

முத்தாயம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள்.

“வா அம்மணி. இப்படி வந்து உக்காரு.”

“இருங்கம்மா” என்றாள் மஞ்சுளா, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இணைச்சீர் செஞ்சு கட்டி வெச்சவதான் கேட்டையும் தொறந்து உட்டான்னு, அடுத்த அச்சுல எம் பேரைப் போட்டே எழுதறேன்னு உங்க மகளைச் சொல்லச் சொல்லுங்க. அப்பறம் உக்காரறேன்.”