எட்டு மணிப் புகை

புகைன்னதும், சிகரெட் பிடிக்கிற ஒருத்தர் கடைசியில திருந்துவார்னு சாய்ஞ்சு உக்காந்துட்டீங்கதானே? நிமிர்ந்து உக்காருங்க. இந்த மேனேஜர் காப்பியைக்கூட ஆவி அடங்கட்டும்னு காத்திருந்து குடிக்கிற ரகம்.

கீழ்த்தள வீடு. பொண்ணுக்கு ஒரு மாசமா இருமல். அவ ரூம் ஜன்னல் இடுக்குலயெல்லாம் மனுஷன் டேப் ஒட்டினார். காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கி வச்சார். நாள் பூரா பச்சை லைட். காலையில எட்டு மணியானா டாண்ணு சிவப்பு!

"எல்லாம் உன் சமையல்தான்!"

"நான் அடுப்பை அணைச்சே ஒரு மணி நேரம் ஆச்சுங்க" என்றாள் மனைவி.

"அப்ப மாடி எலக்ட்ரீசியன்தான். எட்டு மணிக்குத்தானே கிளம்புறான்? ஓட்டை ஸ்கூட்டர்! தினமும் தள்ளிக்கிட்டே போறான். அந்தப் புகைதான்."

"தள்ளிக்கிட்டுப் போற வண்டி எப்படிங்க புகை விடும்?"

"குறுக்க பேசாத!"

மறுநாள் ஆபீஸ் கிளம்பற நேரம். சீட்டு குளுகுளுன்னு ஆகட்டும்னு வழக்கம்போல காரை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டுவிட்டு, உள்ளே வந்து நிதானமா டை கட்டினார். ஒரு கால்ல ஷூ மாட்டினார்.

மெஷின்ல சிவப்பு. பொண்ணு 'லொக் லொக்'.

அடுத்த ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டே நொண்டியடிச்சு வெளியே ஓடினார். எலக்ட்ரீசியன் அப்பதான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்தார்.

"நில்லுய்யா! குழந்தை மூச்சு விடத் திணறுது. உன் டப்பா வண்டி இனிமே இந்த காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. அசோசியேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்!"

எலக்ட்ரீசியன் முகம் சுண்டிப்போச்சு. "பாப்பாவுக்கு நல்லதுன்னா சரிங்க சார். நாளையிலிருந்து தெருவுலயே விட்டுடறேன்."

"அதென்ன சரி?" கேட் பக்கத்துலருந்து வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"அண்ணே, விடுங்கண்ணே..."

"நீ சும்மா இருப்பா! சார், இவரு ஸ்கூட்டர் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். பாப்பா ரூமுக்குள்ள புகை போயிடக்கூடாதுன்னுதான் கேட் வரைக்கும் தள்ளிக்கிட்டே வர்றாரு. அந்த ஜன்னலை ஒட்டி பத்து நிமிஷமா ஆளில்லாம ஓடிக்கிட்டிருக்கே... அது உங்க கார் சார்!"