பனிப்பாளத்தின் விலாசம்

வடகோடிக் கடலில் ஓடும் ஒரு கப்பலின் கணினித் திரைக்குள் ஒரு கடல் வரைபடம் குடியிருந்தது. எந்தப் பாறை எங்கே, எந்தக் கலங்கரை விளக்கம் எங்கே என்று எப்போது கேட்டாலும் டக்கென்று சொல்லும். அந்தப் பெருமை அதற்குத் தலைக்கு மேல் இருந்தது.

ஒருநாள் பெரிய பனிப்பாளம் ஒன்று கப்பலருகே மிதந்து வந்தது. "ஐயா, என்னையும் உங்களிடம் பதிந்துகொள்ளுங்கள். தெரியாமல் யாராவது வந்து மோதிவிடப் போகிறார்கள்."

வரைபடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "நிரந்தர விலாசம்?"

"அப்படி ஒன்றும் கிடையாதே ஐயா. காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போவேன்."

வரைபடம் முகம் சுளித்தது. பாறைகள் எவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் இருக்கின்றன! ஆனாலும் தேடி வந்தவனை விரட்ட மனம் வரவில்லை. பாளம் அப்போது நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "இனி இதுதான் உன் இடம், போ" என்று பெரிய மனது பண்ணி அனுப்பியது.

சில நாள் கழித்துக் கப்பல் அதே வழியில் திரும்பியது. "புள்ளி வருகிறது, ஒதுங்கு!" என்று வரைபடம் சுக்கானை அதட்டியது.

"அங்கே வெறும் தண்ணீர்தானே இருக்கிறது?" என்றது சுக்கான்.

"பதிவில் இருக்கிறதா, இல்லையா?"

சுக்கான் கப்பலை ஒதுக்கியது. டமால்! ஒதுங்கிய இடத்தில் நின்றது பனிப்பாளம்.

வரைபடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இடம் மாறினால் வந்து தெரிவிக்க வேண்டாமா?"

கப்பலின் நசுங்கிய மூக்கில் சாய்ந்தபடியே பாளம் பணிவாகச் சொன்னது: "அதற்குத்தானே ஐயா வந்திருக்கிறேன்."