அளவுப் பல்

"அளவே எடுக்காம எப்படி டாக்டர் ஆரம்பிக்கிறீங்க? அளவுச் சட்டை இல்லாம நான் கத்திரிக்கோலைத் தொடவே மாட்டேன்!"

தையல்காரம்மாவைப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தாலும் பேச்சு நிற்காது. முன்பல்லில் பாதி போய் முப்பது வருடம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். நாளை மகளுக்குப் பட்டமளிப்பு விழா. "ஒரே ஒரு போட்டோவுலயாவது சிரிச்சிடும்மா" என்று மகள் கெஞ்சியிருந்தாள்.

"பார்த்துச் செய்யப் பழைய போட்டோகூட இல்லையே டாக்டர். பத்து வயசுல போன பல்லு. போன வாரமே சொன்னேனே, ஸ்கூல் வராண்டாவுல கண்ணுமண்ணு தெரியாம ஓடி வந்தா ஒருத்தி. மோதின வேகத்துல அவ முகமெல்லாம் ரத்தம், என் பல்லு பாதியைக் காணோம். மறுநாள்லேருந்து அவளையும் காணோம். இன்னைக்கு மட்டும் என் கையில கிடைச்சா..."

"வாயை நல்லாத் திறங்க," என்றார் டாக்டர். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே அவர் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

பல் நிறத்துப் பசையைத் துளித்துளியாக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். ஒவ்வொரு துளிக்கும் முன்னால் பக்கத்து டிராயரைத் திறந்து எட்டிப் பார்த்தார். பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளை மாதிரி அல்லவா இருக்கிறது! இவருக்கு வேலை தெரியுமா என்று தையல்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி கைக்கு வந்தது.

பார்த்தாள். பல் எங்கே முடிகிறது, ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று தையல்காரியின் கண்ணுக்கே தெரியவில்லை. ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று. அதைக் கண்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், இந்தப் புள்ளி உடைஞ்சுபோன பாதியிலதான் இருந்துச்சு! எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அளவு இல்லாம யாராவது தைப்பாங்களா?"

டாக்டர் டிராயரிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் ஒரு பல் துண்டு, அதே வெள்ளைப் புள்ளியோடு.

பிறகு தலையிலிருந்த தொப்பியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, நெற்றியில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இதை இங்கேருந்துதான் எடுத்தாங்க."