அரண்மனைச் சம்பந்தம்

"இந்த ரூம்லதாங்க நான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் மகன் வேல்முருகனுக்குப் பெண் கொடுக்க இருந்த பழனிவேல், கல்யாண மண்டபம் பார்க்க மீன்சுருட்டியிலிருந்து வந்திருந்தார். மண்டபம் என்பது திருமானூர் ரோட்டிலிருந்த பழைய ஜமீன் பங்களாதான். 'மாப்பிள்ளையோட அப்பா அரண்மனையில இருந்தவரு' என்று தரகர் வேறு அளந்துவிட்டிருந்தார்.

"ஜமீன் பரம்பரையா நீங்க?"

"சேச்சே! கொஞ்ச நாள் தங்கியிருந்தேன், அவ்வளவுதான்."

"சாப்பாடெல்லாம்?"

"ரூமுக்கே வந்துரும்."

"வாசல்ல காவல் உண்டா?"

"ராப்பகலா உண்டுங்க."

"குடுத்து வச்சவரு!" பழனிவேல் தலையைக் குனிந்து, தாழ்ந்த கொல்லைக் கதவைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்தார்.

தங்கசாமிக்கு வியர்த்தது. சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது. ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடவில்லை. இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேல்முருகன் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் மண்டபத்து மேனேஜர் பூமாலை சாவிக்கொத்தோடு வந்தார்.

"ஜமீன் போனப்பறம் இது நெல்லு குடோனுங்க. அப்பறம் சர்க்கார் எடுத்துக்கிச்சு. அரியலூர தனி ஜில்லாவாக்குனப்ப ஏதோ ஆபீசு வந்துச்சு. திரும்ப பெரம்பலூரோட சேத்ததும் அதுவும் காலி. இப்ப தாலி கட்டுறாங்க."

"மாப்பிள்ளைக்கு இந்த ரூமையே குடுத்துருங்க" என்றார் பழனிவேல்.

"அய்யய்யோ, இதுல பந்திப் பாத்திரம்தான் போடுவோம். சர்க்கார் எடுத்தப்ப இது சப்-ஜெயிலுங்க. கைதிங்கள அடைச்சு வச்ச ரூமு!"

சொல்லிவிட்டு அவர் மாடி அறையைத் திறக்கப் போய்விட்டார்.

தங்கசாமிக்குத் தலை நிமிரவில்லை. "நானே சொல்லணும்னுதான் இருந்தேங்க. நட்ட பயிரு கண்ணு முன்னால கருகுச்சு. பொறுக்க முடியாம வாய்க்கா மதகத் தொறந்துட்டேன். அடிதடி ஆயிருச்சு." கைகளைக் கூப்பினார். "பையன் சொக்கத் தங்கமுங்க. எனக்காக அவன வேணாம்னு சொல்லிராதீங்க."

பழனிவேல் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சன்னல் கம்பியை ஒருதரம் பிடித்து ஆட்டினார். பிறகு வந்து தங்கசாமியின் தோளில் கை போட்டார்.

"எனக்கும் இதே ரூமுதான், சம்பந்தி!"