இடது காலுக்கு வேறு பட்டி

அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. முக்கியமாக, எஃபிக்குத் தெரிந்துவிடக் கூடாது.

அவள் மண்டியிட்ட வாக்கிலேயே, பெயர் போட்ட பேட்ஜைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் நழுவவிட்டாள்.

மர்டோ அவள் வேலை பார்க்கும் உடைக் கடையின் கண்ணாடி முன் நின்றிருந்தார். எண்பதை நெருங்குகிற ஆள். காலைப் படகில் மனைவி எஃபியோடு தீவிலிருந்து வந்திருந்தார். நாளை எடின்பரோவில் அவருக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். புயலில் சிக்கியவர்களை மீட்கும் படகில் பாதி ஆயுளைச் சம்பளமில்லாமல் கழித்தவர்.

விசேஷங்களுக்கு அந்த ஊர் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை, கில்ட், அவருடையதுதான், கல்யாணத்துக்குத் தைத்தது. அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை. மற்றவைதான் வேண்டும். காலுறை, அதைப் பிடித்து நிறுத்தும் பட்டி, ஷூ, இடுப்பின் முன்னால் தொங்குகிற தோல்பைக்கு ஒரு வார்.

"எதுவும் உறுத்தக் கூடாதும்மா," என்றார் எஃபி. "உறுத்துச்சுன்னா மேடைன்னு பாக்க மாட்டாரு. சர்ச்சுல பிரசங்கம் நடக்கறப்பவே காலைச் சொறிஞ்ச ஆளு."

"அந்தப் பிரசங்கத்துக்கு அதுவே மரியாதை," என்றார் மர்டோ.

அவர் முகம் நிறைய மாறியிருந்தது. குரல் மாறவேயில்லை. அவர் உள்ளே வந்து காலை வணக்கம் சொன்னபோதே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

முரட்டுக் கம்பளிக் காலுறைகளை அவள் தள்ளி வைத்தாள். உள்ளதிலேயே மெல்லிய கம்பளியில் ஒன்றை எடுத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் காலில் ஏற்றினாள். எந்த வாடிக்கையாளருக்கும் அப்படிச் செய்ததில்லை.

வலது காலுக்கு வழக்கமான பட்டி. இடது காலுக்கு அகலமான, தளர்ந்த பட்டி. காலுறையின் மடிப்பையும் முட்டியிலிருந்து நன்றாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"இடது கால்லதான் வலின்னு நான் சொல்லவே இல்லையே," என்றார் மர்டோ.

அவள் கை நின்றது.

"வாசப்படி ஏறும்போது பாத்தேங்க."

பொய்யில்லை. பார்க்கத்தான் செய்தாள்.

எஃபி துணிப்பையிலிருந்து ஒரு தோல்பையை வெளியே எடுத்தார். வெள்ளி விளிம்பும் சங்கிலியும் வைத்தது, நல்ல கனம்.

"எங்க பையன் ஃபின்லேயோடது. இதத்தான் போடுவேங்கறாரு. இடுப்பு எலும்பு வெளிய தெரியுது, இதுல சங்கிலி வேற."

"கனமா இருந்தா இருக்கட்டும்," என்றார் மர்டோ.

வேறு யாராவது என்றால் லேசான பை ஒன்றைக் காட்டியிருப்பாள். இன்று காட்டவில்லை. சங்கிலியை மட்டும் கழற்றி, பழக்கத்தில் மெத்தென்றாகிவிட்ட அகலமான தோல் வாரைக் கோத்தாள். எலும்பின் மேல் படுகிற இடங்களில் உள்பக்கம் கம்பளித் துண்டு வைத்தாள்.

"கடைசியா இந்தக் கில்ட்டக் கட்டினது ஃபின்லே அடக்கத்துக்கு," என்றார் எஃபி, அவளிடம் மட்டும் சொல்வதுபோல. "அப்பாவும் பிள்ளையும் ஒரே படகுலதான் போனாங்க. இவரு திரும்பி வந்தாரு."

அவள் குனிந்தபடியே வாரின் கொக்கியை மாட்டினாள்.

எஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கில்ட் பறக்காமலிருக்கக் குத்துகிற அலங்கார ஊசியை எடுத்து கில்ட்டின் முன்மடிப்பில் குத்தப் போனார். அவள் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள்.

"மேல் மடிப்புல மட்டும் குத்துங்க. ரெண்டையும் சேத்துக் குத்தினா உக்காரும்போது இழுக்கும்."

"கல்யாணமான நாள்லேருந்து நான் சேத்துத்தானே குத்தறேன்."

"அதான் கல்யாணமான நாள்லேருந்து என்னால நிம்மதியா உக்கார முடியல," என்றார் மர்டோ.

எஃபி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்பது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

கடைசியாக ஷூ. நீளக் கயிறுகளைக் கணுக்காலில் சுற்றிக் கட்ட வேண்டும். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. ஒரு சுற்றைக் குறைத்து, விரல் நுழைகிற அளவு இடம் விட்டு முடிச்சுப் போட்டாள். வாயால் சொல்ல முடியாததற்கு அந்த முடிச்சுதான் அவளிடம் இருந்தது.

மர்டோ நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இடது முட்டியை மடக்கிப் பார்த்தார். முகம் சின்னப் பையனுடையதுபோல ஆயிற்று.

"எஃபி, வலி தெரியலடி."

பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"யார் இப்படி உடுத்திவிட்டதுன்னு நாளைக்கு அங்க சொல்லணும். உன் பேரென்னம்மா?"

அதே குரல். அதே கேள்வி.

தலைக்கு மேல் அலை அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு படகுகளுக்கு நடுவே நசுங்கிய இடது காலோடு, ஆறு வயதுக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அது குளிரில் கண் மூடிவிடாதிருக்கக் கரை வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்த கேள்வி. உன் பேரென்ன? எனக்குக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லு. மகனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர் என்று அந்தக் குரலை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒவ்வொரு தடவையும், அந்த மடியில் கிடந்தபடி, அவள் சொன்னாள்.

இப்போது சொன்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரப்போவது அவள் இல்லை, ஃபின்லே.

எஃபி கதவருகில் அவருடைய கோட்டை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார், இன்னும் சிரிப்பு மாறாமல்.

அவள் முடிச்சை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

"கடைப் பேரு வாசல்லயே இருக்குங்க," என்றாள். "அதச் சொல்லுங்க, போதும்."